தூங்கும்போது நான் கேட்ட கேள்விகள்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மருமகளும் சுகம். அங்கே நீயும், மாமாவும், மாமாவின் வலது முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. தாயில்லாப் பிள்ளையை ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன் எப்படிப் படிக்க வைப்பான், மாதக் கடைசியில் வந்து அவளை அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவரும்தான் அக்கா. அவள் படிப்பை எவ்வளவு ஒழுங்காகக் கவனிக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவளுக்குத் தினமும் வாசிப்பு வீட்டுப்பாடம். கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் எழுதியதும் கேட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். நானோ ஊர் விழிப்பதற்கு முன் அடுப்பு மூட்டுகிறவன், இருட்டினாலே கண் சொக்கும். அவள் முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவேன். வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், கால் மட்டும்தான் விழித்திருந்தது. நின்றுகொண்டே கேட்டுப் பார்த்தேன், அலமாரியோடு சேர்ந்து விழுந்தேன், கீழ்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து "என்னங்க, கட்டடம் இடியுதா?"ன்னு கேட்டுட்டுப் போனார். நான் கண் விழிக்கும்போது இவள் பதிலை எழுதி முடித்துப் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பாள். "கேள்வி எங்கேம்மா?" என்றால், "இப்பதானே கேட்டீங்க" என்பாள். கெட்டிக்காரி, தானே கேட்டுக்கொள்கிறாள் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். மாட்டிக்கொண்டோம் என்று கதிகலங்கிப் போனால், அந்த அம்மா எனக்கு நாற்காலி போட்டு, "சார், உங்களை மாதிரிக் கேள்வி கேக்குற அப்பாவை நான் பார்த்ததே இல்லை"ன்னு ஒரே புகழ்ச்சி. குகைக்குள் போன ஒரு பெண்ணைப் பற்றிய கதையாம். "குகைக்குள்ள அவளுக்கு முன்னாடியே யாராவது இருந்தாங்களா?" என்று நான் கேட்டேனாம். மறுநாள், "அப்பா தூங்குறப்ப அவ கிளம்பிப் போனா யாருக்குத் தெரியும்?" அதற்கும் மறுநாள், "யார் கூப்பிட்டா அவ பயப்படாம வருவா?" இதற்கு உன் மருமகள் எழுதிய பதில், "அப்பா குரலில் கூப்பிட்டால் வருவாள்." அருமையான பதில் என்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு நடு முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், விழுந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன், ஜன்னல் கொக்கியையெல்லாம் இழுத்துப் பார்த்தேன். ஒரு கரப்பான்பூச்சி இருந்தது, அது கேள்வி கேட்கிற ஜாதி இல்லை. அவளிடமே கேட்டேன். "உங்க நாற்காலியிலேருந்து, உங்க குரல்தான்ப்பா. தூங்குறப்பதான் நீங்க நல்லாக் கேக்குறீங்க. முழிச்சிருந்தா 'சாப்பிட்டியா, பல்லு தேச்சியா' மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கடையில் என்னோடு மாவு பிசைகிற நெட்டையனிடம் இதைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, மூட்டை மேல படுத்துக்கிட்டு நீங்க பேசாத பேச்சா? நேத்துகூட 'உப்பு போட்டியா'ன்னு கேட்டீங்க. போட்டாச்சுன்னதும் 'சரி'ன்னு திரும்பிப் படுத்துட்டீங்க" என்றான். அப்பாடா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது! தூக்கத்திலும் பிள்ளையின் படிப்பைக் கவனிக்கிற அப்பன் அக்கா நான். இப்படி ஒருத்தனிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்று அடுப்பு ரிப்பேர், கடை லீவு, பகலெல்லாம் தூங்கிவிட்டேன். சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் கூடத்தில் எனக்காகச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், குரல் இங்கே தெளிவாகக் கேட்கிறது. இதை ஒட்டியதும் போய், முதன்முறையாக விழித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். ஆகவே நீ வர வேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம், முழங்காலுக்குத் தைலம், உன் ஆசி எங்கள் இருவருக்கும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் கூடத்தில் அவள் படித்து முடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. "உங்கப்பா யாருக்குக் கடிதம் எழுதுறாரு?" என்று என் நாற்காலியிலிருந்து என் குரல் கேட்டது. "அத்தைக்கு" என்றாள். "அத்தை வீடு எங்கே?" என்றது. "ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான்ப்பா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், மகராசி. அவளைத் தூக்கிக்கொண்டு கீழே தையல்காரர் வீட்டுக்கு வந்துவிட்டேன், இதை அவர் மேஜையில் வைத்துத்தான் எழுதுகிறேன். காலையில் தபாலில் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம், கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து சேரட்டும் என்று வழியில் என் மாமியார் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவோம். அவளை நீயே வைத்துக்கொள், கூட என்னையும். ஒன்று மட்டும் மறக்காதே. வாசலில் என் குரல் கேட்டால் உடனே கதவைத் திறந்துவிடாதே. பக்கத்தில் அவள் நிற்கிறாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திற.