கார் இல்லாத விடுமுறையும் கடைசித் துண்டும்

அன்பும் மரியாதையும் நிறைந்த லவான் அக்காவுக்கு,

உன் தம்பி ஆர்லன் மினியாபொலிஸிலிருந்து எழுதுவது. நானும் மார்லிஸும் சுகம். உன் இடுப்பு வலி தேவலையாகி, நீ தோட்டத்துப் பக்கம் நடமாடிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

போன கோடையில் நான் டிரக்கில் மோட்டார் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதும், அந்தப் புகையைச் சொல்லிச் சண்டை போட்டு என் மகள் கிர்ஸ்டன் பாதி வழியில் இறங்கிப் போனதும், கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப் பார்க்காததும் உனக்குத் தெரிந்த கதைதான். இந்த வருஷம் அவளே வீட்டுக்கு வந்து நின்றாள். "அப்பா, மினியாபொலிஸ்ல ஒரு வாரம். திட்டம் என்னோடது. காரும் இல்ல, பிளேனும் இல்ல. ஒரு வாய் சாப்பாடுகூட குப்பைக்குப் போகக் கூடாது. முடிஞ்சா ஒண்ணாப் போவோம், முடியாட்டி இனிமே அவங்கவங்க லீவு அவங்கவங்களுக்கு" என்றாள். பெற்ற பெண்ணை இழக்க முடியுமா? தலையாட்டிவிட்டேன்.

பேருந்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தால், முன்னால் பெட்டி வைத்த வாடகை சைக்கிளைக் காட்டி "அம்மாவை உட்கார வச்சு ஓட்டுங்கப்பா" என்கிறாள், நானும் மூச்சு வாங்க ஏரியைச் சுற்றி மிதிக்கிறேன், பாதையில் ஒரு பட்டாளம் காட்டு வாத்து படுத்திருக்கிறது, "ஏங்க, மணியடிங்க" என்று மார்லிஸ் கத்துகிறாள், "அடிச்சிட்டேன்டி, அதுங்க என்னையே முறைக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, நம் ஊர்ப் பழக்கம் போகுமா, வாத்துகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கித் தள்ளினேன். கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை முணுமுணுப்பேனா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

நேற்று நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா டோரிஸ் சாப்பிடக் கூப்பிட்டாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ். கடைசியில் ஒரே துண்டு மிஞ்சியது. நம்மவர்கள் யாராவது கடைசித் துண்டைத் தொடுவார்களா? "நீங்க எடுத்துக்குங்க." "ஐயோ, வயிறு முட்டிடுச்சு, நீங்க எடுங்க." மார்லிஸ் பாதியை வெட்டி எடுத்தாள். டோரிஸ் அதில் பாதி. கிர்ஸ்டன் அதில் பாதி. கட்டைவிரல் நகமளவு மிஞ்சியதும் எல்லோரும் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டோரிஸின் கை குப்பைக்கூடைப் பக்கம் போனது. அக்கா, இத்தனை பாடும் இந்த நகத்துண்டால் வீணாகிவிடுமே! பாய்ந்து எடுத்து வாயில் போட்டு, தட்டையும் வழித்து நக்கிவிட்டேன்.

மார்லிஸ் முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் கிர்ஸ்டன் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்பா, எனக்காகவா இந்த மானக்கேடு?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வருஷமும் ஒண்ணாத்தான் போறோம்." ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

உனக்கும் அத்தானுக்கும் எங்கள் வணக்கம். கர்த்தர் உங்களைக் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள தம்பி
ஆர்லன்

பி.கு.: திரும்பி வரும்போது வீடு ஜில்லென்று இருக்கட்டும் என்று ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டு வந்தேன். கூடத்து ஜன்னலும் திறந்தே கிடக்கிறது. கடிதம் கிடைத்ததும் உன் வண்டியிலேயே ஓடிப் போய் அணைத்துவிடு. கிர்ஸ்டனிடம் மூச்சுவிடாதே.

அத்தை, கவரை மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்பா இதை வெறுமனே மடித்து என்னிடம் தபாலுக்குக் கொடுத்தார், கண்ணில் பட்டுவிட்டது. ஏசியைக் கிளம்பும்போதே நான் அணைத்துவிட்டேன், ஜன்னலையும் சாத்திவிட்டேன். அவரிடம் சொல்லாதீர்கள், பயத்தில் இரண்டு நாளாகப் பாத்திரமெல்லாம் அவரே கழுவுகிறார். கிர்ஸ்டன்.