பெரிய தொரை தோற்ற நாள்

பல கட்சித் தேர்தல் நடத்தும் சர்வாதிகாரிகள் எல்லாரும் எங்கள் இரத்தோட்டைப் பாடசாலை வேன் சாரதியிடம்தான் பாடம் படித்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து மேலாளரைப் போல மீசையும் மிரட்டலுமாக இருப்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பெரிய தொரை. வேனுக்குள் அவர் அனுமதியில்லாமல் தும்மக்கூட முடியாது.

ஆனாலும் பாடசாலை விட்டு மாத்தளையில் வேன் புறப்படும் முன் தினமும் வாக்கெடுப்பு. கட்சிகளையும் அவரே தொடங்கிக் கொடுத்திருந்தார். ஜன்னலைத் திறக்கச் சொல்வது ஜன்னல் கட்சி, வானொலி கேட்பது பாட்டுக் கட்சி, வழியில் வடைக்கடையில் நிறுத்தச் சொல்வது வடைக் கட்சி. குறுக்குப் பாதையில் நேரே வீடு என்பது அவருடைய கட்சி. பயந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான். வெற்றி எப்போதும் அவருக்கே.

"எப்படியும் நீங்க சொல்றதுதான் நடக்கும். எதுக்குங்க இந்த ஓட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓட்டு இல்லேன்னா எல்லாம் ஒண்ணு சேந்து என்னையத் திட்டும் டீச்சர். இப்ப பாருங்க, பாட்டுக் கட்சி வடைக் கட்சியத் திட்டுது. நான் நிம்மதியா ஓட்டுறேன். யாரு மொறைக்கிறாங்கன்னும் கை தூக்குறப்போ தெரிஞ்சிருது."

முறைத்தவள் என் மகள், ஜன்னல் கட்சித் தலைவி. அவளுக்கு முன் இருக்கை கொடுத்தார். அன்றோடு அந்தக் கட்சியின் சத்தம் அடங்கியது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். சந்தியில் குடையோடு நிற்கிறேன், வேன் வரவில்லை. அவருடைய போனும் கிடைக்கவில்லை.

"குறுக்குப் பாதையில மண்மேடு சரிஞ்சிருச்சாம்" என்றார் சந்திக் கடைக்காரர். குடை எப்போது கையிலிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

வெகு நேரம் கழித்து, பெரிய பாதை வழியாக வேன் வந்தது. மகள் எண்ணெய்க் கையோடு குதித்து இறங்கினாள். "அம்மா, தொரையத் தோக்கடிச்சிட்டோம்!"

பின்னால் இறங்கிய தொரையின் முகம் தொங்கிப்போயிருந்தது. "மழையில ஜன்னல் தெறக்க ஏலாது, ரேடியோவும் இழுக்கல. எல்லாக் கட்சியும் வடையில போய்ச் சேந்துட்டாங்க டீச்சர். என் சின்னதுங்ககூட அந்தப் பக்கம் பாஞ்சிருச்சி. வடைக்கடை பெரிய பாதையிலதானே இருக்கு."

மண்சரிவு பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. சொன்னேன். வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வழக்கம்போல மெரட்டியிருக்கலாமே?" என்றேன்.

"மெரட்டத்தான் பாத்தேன். தூக்குன கைய எறக்காம எல்லாம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்திச்சிங்க. மனசு வரல டீச்சர்."

மழை இரைந்தால் இன்னும் நான் நேரத்துக்கு முன்பே சந்திக்கு ஓடிவிடுகிறேன். ஆனால் என் மகளை வேறு யாருடைய வேனிலும் ஏற்றிவிட எனக்கு மனம் வந்ததில்லை.