மயிலாள் கண்டுபிடித்த கம்பெனி

நல்லூர், திருப்பூர்
18-3-1969

கல்கத்தாவில் பனியன் வியாபாரமாகத் தங்கியிருக்கும் என் மகன் சிரஞ்சீவி ரத்தினசாமிக்கு, சிவன்மலை ஆண்டவன் நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். அம்மா நல்லம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். கம்பெனியும் சுகம். கம்பெனியைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கீழே பார்க்காதே.

முதலில் நல்ல சேதிகள். உன் மூத்தவன் பழனிமுத்து கோயமுத்தூரில் ஜில்லா ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக ஓடிக் கோப்பை வாங்கிவிட்டான். வாசலில் நிற்க வைத்து நானே ஆரத்தி சுற்றினேன். தாம்பாளத்தில் மீந்த ஆரத்தித் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள், அது மறுபடி வரும். உன் தங்கை மகன் பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் சொல்கிறான். அவள் கைக்குழந்தைக்கு இரண்டு பல் முளைத்து, முதல் கடி என் விரலில்தான். உன் மகள் மயிலாள் ஏழாவதில் சரித்திரத்துக்கு முதல் மார்க். ஆமாம், இந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடு என்று போன கடிதத்தில் எழுதினாயே, அதே மயிலாள்தான்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். ராசாக்கள் பெயரும் வருஷமும் ஒப்பித்ததுதான் நான் படித்த சரித்திரம். புதிதாக வந்திருக்கும் ஆயம்மாள் டீச்சர் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் கப்பலேறிப் புது தேசம் தேடிப் போனவர்கள் அன்றன்றைக்கு எழுதி வைத்த குறிப்புகளை வகுப்பில் வாசிக்கிறாராம். இன்று காற்று இல்லை, இன்று ரொட்டியில் புழு, இன்று கரை தெரிந்தது என்று. சாப்பாட்டு மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லையாம். மயிலாள் என்னிடம் வந்து, "அப்பாயி, அவங்க போய் எறங்குன எடத்துல முன்னாலயே சனங்க இருந்தாங்களாம். அப்பறம் எதைக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். டீச்சரையே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் டீச்சர் முதல் மார்க் போட்டிருக்கிறார்.

அதோடு விட்டாரா, இதுவரை கால் வைக்காத இடத்துக்குப் போய் நீங்களும் எழுதி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் நொய்யல் கரைக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் போக, நம் பிள்ளைக்கோ வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அப்பா கம்பெனிதான் கால் வைக்காத இடம். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று நீதானே சொன்னாய்? ஞாயிற்றுக்கிழமை லீவில் மதிலேறிக் குதித்துவிட்டாள். புது தேசத்தில் கொடி நட வேண்டுமாம். நம் வீட்டில் பனியனுக்கா பஞ்சம்? ஆனால் வெள்ளைக்கொடி தோற்றவர்கள் பிடிப்பது என்று, ஒரு பனியனை அந்த ஆரத்தித் தண்ணீரில் முக்கிச் செக்கச்செவேல் என்று காயவைத்து, ஒட்டடைக்குச்சியில் மாட்டி, கேட்டுக்கு மேலே கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்த ஆட்கள் சிவப்புக்கொடியைப் பார்த்து, ஸ்ட்ரைக் என்று கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஓடினேன்.

"ஏப்பா ஆறுச்சாமி, எதுக்கப்பா ஸ்ட்ரைக்கு?"

"தெரியலீங்கம்மா. கொடி இருந்துச்சு, உக்காந்துட்டோமுங்க."

"சரி, உக்காந்ததும் உக்காந்தீங்க, எதாச்சும் கேக்கறதுன்னா கேட்டுருங்க."

அவர் மற்ற டெய்லர்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்படீங்களா? தையல் ஷெட்டுக்கு ஒரு காத்தாடி போடச் சொல்லுங்கம்மா. மொதலாளி மூணு வருசமா பாக்கலாம் பாக்கலாம்ங்கறாருங்க."

"அப்பாயி, நானும் எழுதியிருக்கறன்!" என்று மயிலாள் உரக்க வாசித்தாள். "இந்தத் தேசத்தின் வானம் தகரத்தால் செய்தது. இன்று காற்று இல்லை. நாளைக்கும் வராது."

நானும் உள்ளே போனேன். கம்பெனி கட்டிய நாளாக நானும் கால் வைக்காத தேசம்தானே அது! ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். வெற்றிலை மென்று முடிப்பதற்குள் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே சாமி, உன் படுக்கையறைக் காத்தாடி இப்போது தையல் ஷெட்டில் சுற்றுகிறது. நீ இல்லாத அறையில் அது சும்மாதானே தொங்கியது?

கொடியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனிமேல் எந்த மதிலும் ஏறுவதில்லை என்று மயிலாளும் சத்தியம் செய்துவிட்டாள். விஷயம் வெளியே ஒருவருக்கும் தெரியாது. அவளை எட்டாவதுக்கு அனுப்பு. நாளெல்லாம் வீட்டிலேயே நிறுத்தி வைத்தால், கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

உனக்கு வயிறும் மனசும் குளிர்ந்திருக்கட்டும்.

அன்புள்ள அம்மா,
நல்லம்மாள்

பின்குறிப்பு: கவர் ஒட்டுவதற்குள், பக்கத்துக் கம்பெனி முதலாளி பொங்கியண்ணனின் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "கண்ணு, எங்க கம்பெனியையும் ஒருக்கா வந்து கண்டுபிடிச்சுட்டுப் போ சாமி" என்கிறார்கள். மயிலாளைக் காணோம். பெட்டிச் சாவியையும் ஒட்டடைக்குச்சியையும் காணோம். அது கிடக்கட்டும், ஷெட்டில் முருகன் படத்துக்குக் கீழே உன் படத்தை மாட்ட ஆறுச்சாமி கேட்கிறார். இங்கே இருக்கிற படத்தில் "பாக்கலாம்" என்று சொல்கிற மாதிரியே இருக்கிறாய். சிரித்த முகமாகப் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. இன்றைக்கே எடுத்துவிடு, பொங்கியண்ணன் கடிதம் வந்த பிறகு உனக்குச் சிரிப்பு வராது.