நிமிடத்துக்கு முந்நூறு

ஸ்டோர் கூரை ஒழுக ஆரம்பித்தது. முதல் சொட்டு நேராகப் பல்கலைக்கழகத்துப் பெட்டியின் மேலேயே விழுந்தது. தேவதாஸ் தோள் துண்டை எடுத்து அதன் மேல் போட்டான்.

அவன் அந்தச் செம்பனை எஸ்டேட்டின் ஸ்டோர் ஆள். 1986 தொடக்கத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போனார். கூட வந்த டெக்னீஷியன் சேதுதான் தமிழில் விளக்கினான்.

"ஆகாயத்துலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகளு விழுந்துக்கிட்டே இருக்குண்ணே. மேல வச்சிருக்கிற இந்தக் காரீயத் தகட்டையும் துளைச்சிட்டு வர்றத இது எண்ணும். அதுல இதுவரைக்கும் யாருமே பார்க்காத புதுத் துகள் இருக்கான்னு தேடுறோம். தினம் காலையில நம்பரை எழுதுங்க. பெட்டியை மட்டும் நகர்த்திடாதீங்க."

"அது நகர்ந்துச்சுன்னா உன் வேலையும் நகர்ந்துடும்," என்றார் பக்கத்தில் நின்ற எஸ்டேட் மானேஜர்.

நகர்த்தாவிட்டால் நனைந்தே நாசமாகிவிடும். தேவதாஸ் யாருக்கும் சொல்லாமல் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தொழிலாளர் லயத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். மனைவி அம்சவள்ளி குழந்தையின் பாயை ஓரமாக இழுத்து இடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை எண்ணைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வழக்கமாக நிமிடத்துக்கு நாற்பது. இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு.

"கெட்டுப்போச்சுடி. தண்ணி உள்ள போயிருச்சு."

"அடுப்புக்கிட்ட காய வச்சுப் பாருங்களேன்."

காய வைத்தான். முந்நூற்று இருபது.

வேறு வழி தெரியாமல் நோட்டில் நாற்பது என்று எழுதினான். மறுநாளும் நாற்பது. பத்து நாளும் நாற்பது. அதையே சேதுவுக்குப் போனில் வாசித்தான்.

"என்னண்ணே இது? மத்த ஊருல வச்ச சுங்கை பஞ்சாங் பெட்டி, சுங்கை செம்பிலாங் பெட்டி எல்லாம் ஏறி இறங்குது. உங்களுது அசைய மாட்டேங்குது. மெஷின் செத்துப்போச்சு லா. நாளைக்கு வந்து எடுத்துக்கிறோம்."

செத்துப்போனது என்று சொன்னால் கொன்றது யார் என்று கேட்பார்கள். தேவதாஸ் பதறினான்.

"இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு முந்நூறு காட்டுது!"

சேது போனிலேயே கத்திவிட்டான்.

"முந்நூறா? காரீயத்தைத் தாண்டியா?"

மறுநாள் பேராசிரியரே ஓடி வந்தார். அதற்குள் தேவதாஸ் பெட்டியைத் திரும்ப ஸ்டோரில் வைத்திருந்தான். பேராசிரியர், சேது, மானேஜர் மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

நாற்பது.

மானேஜரின் முகம் கறுத்தது. "படிச்சவங்களையே ஏமாத்துறியா? வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணு!"

அந்த லயத்திலேயே பிறந்தவன் தேவதாஸ். போவதற்கு வேறு இடம் கிடையாது. கையெடுத்துக் கும்பிட்டு, ஒழுகிய கூரையிலிருந்து பத்து நாள் பொய்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

பெட்டியோடு எல்லோரும் அவன் வீட்டுக்கு நடந்தார்கள். பழைய இடத்தில் வைத்தார்கள். முந்நூற்றுப் பதினைந்து.

பேராசிரியர் எண்ணை அவசரமாக நோட்டில் குறித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னார்.

"உங்க வீட்டு மேல மட்டும் கொட்டுதாம்ண்ணே," என்றான் சேது. "புதுத் துகளா இருந்துட்டா உங்க பேரு உலகம் பூரா போகும்!"

மானேஜர் தேவதாஸின் தோளில் கை போட்டார். வீட்டைக் காலி செய்யச் சொன்னது அவருக்கு மறந்தே போயிற்று. வாசலில் கூட்டம் கூடியது. பக்கத்து வீட்டு இராஜம்மா கற்பூரம் ஏற்றினாள். தேவதாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

சேதுவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மேலே இருந்த காரீயத் தகட்டைக் கழற்றிப் பெட்டிக்கு அடியில் செருகினான். எண் மளமளவென்று இறங்கியது. நூறு. எழுபது. ஐம்பது.

பேராசிரியர் நோட்டை மூடிவிட்டார்.

சேது குனிந்து, தரையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி அம்சவள்ளியிடம் கொடுத்தான். "கீழ இறக்காதீங்கக்கா."

"என்ன தம்பி?" என்றான் தேவதாஸ்.

"மேலேர்ந்து புதுசா எதுவும் விழலண்ணே. தரையிலேர்ந்து வருது. கதிரியக்கம். வருசக் கணக்கா இது மேல படுத்துக் கிடந்தா உடம்பை உள்ளுக்குள்ளயே அரிச்சிடும். இந்தச் சிமெண்டுத் தரைக்கு மணலு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

தேவதாஸ் குனிந்து தரையைப் பார்த்தான். வாசலிலிருந்து இராஜம்மாதான் பதில் சொன்னாள்.

"வெள்ளீயம் தோண்டுன லம்பத்துல, அந்தப் பழைய சுரங்கக் குழியோரமா சும்மா கெடந்த மணலுதான் தம்பி. இந்த வீட்டுக்கு மட்டுமா? லயத்துல முப்பத்திரண்டு வீட்டுக்கும், புள்ளைங்க பாலர் பள்ளிக்கும் அதைத்தானே போட்டோம்."