பார்க்காமல் பாராட்டியது பற்றி

அஜ்மான்

அன்புள்ள மருமகள் சிவமலருக்கு,

யாழ்ப்பாணத்தில் அக்காவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் மாமியும் சுகம். எனக்கு உடம்பு மட்டும்தான் சுகம். குழப்பாமல் எழுதுவதற்காக முதலில் வரிசைப்படுத்துகிறேன்:

1. நீ என்னை நம்பி விட்டுப்போன டிசைன் மாணவர்களின் இணையக் குழுவில் நான் செய்த காரியம்.
2. அதனால் குழு என்னைப் பார்த்துச் சிரிப்பது.
3. டெல்பின் இனிக் குழுப் பக்கமே வரமாட்டாள் என்பது.
4. என்னை விலக்கும்படி வேண்டுகோள்.

விமான நிலையத்தில் நீ சொன்னாய்: "மாமா, படம் போட்ட பிள்ளைக்கு ஒருத்தரும் பதில் போடாட்டி அது திரும்பி வராது. எல்லாருக்கும் ஏதாவது எழுதுங்கோ." நான் எழுதினேன். படத்தைப் பார்த்தால் குறை தெரியும், தெரிந்தால் சொல்லவேண்டும், சொல்ல எனக்குப் பயம். ஆகையால் பார்ப்பதைத் தவிர்த்து, சில பாராட்டு வாக்கியங்களைத் தயாரித்து, யாருக்கும் பாரபட்சம் இல்லாமல் முறைவைத்து அனுப்பிவந்தேன். மாமி கேட்டாள், "படத்தைப் பாத்துத்தானே சொல்லுறியள்?" காது கேட்காதவன் போல இருந்துவிட்டேன். போன வாரம் பிரைட் ஏதோ ஒன்றைப் போட்டான். "வெற்றிடத்தைக் கையாண்ட விதத்தில் முதிர்ச்சி தெரிகிறது" என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அங்கிள், அது எங்க ரூம்ல பாத்ரூம் கழுவுற டூட்டி லிஸ்ட்டு. தெரியாம போட்டுட்டேன்." அதற்குள் சுஜந்தன், "டேய் பிரைட், வெள்ளிக்கிழமை ஆர் டூட்டி? அவருக்குத்தான் முதிர்ச்சி" என்று எழுத, குழு முழுக்கச் சிரிப்பு. அதோடு விட்டானா? கடித்த பரோட்டாவைப் படமெடுத்துப் போட்டான். முந்தின இரவே நேரம் குறித்து வைத்திருந்த என் அடுத்த வாக்கியம் போய் நின்றது: "வண்ணங்கள் ஒன்றையொன்று மதிக்கின்றன."

இதுவரை வெட்கம் மட்டும்தான். பிறகு டெல்பின் எழுதினாள். புஜைராவில் நர்ஸாக இருந்துகொண்டே படிக்கிற பிள்ளை. சர்க்கரை நோய் பற்றிய தன் சுவரொட்டியைக் காட்டி டிசைன் வேலைக்கு விண்ணப்பிக்க இருந்தவள். "அங்கிள், என் போஸ்டர் நல்லாருக்குன்னு சொன்னதும் வரிசைல வந்ததுதானா?" என்று கேட்டாள். ஆம் என்று எழுதினேன். அப்போதுதான் அந்தச் சுவரொட்டியை முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். கண்ணாடி போட்டும், சிவப்பின்மேல் இருந்த கறுப்பு எழுத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. எனக்கே சர்க்கரை, என்னைப் போன்றவனுக்காகத்தான் அவள் அதைச் செய்திருக்கிறாள். இரண்டையும் அப்படியே எழுதினேன். அதன்பின் அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. நீ ஒவ்வொருவராகப் பேசவைத்த பிள்ளைகளில் ஒன்றை நான் வாயடைக்க வைத்துவிட்டேன். தயவுசெய்து என்னை விலக்கிவிடு.

அக்காவுக்கு என் வணக்கம். நீ தீர்க்காயுளுடன், இப்படியான மாமன்மாரிடமிருந்து தப்பி, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
கதிர்காமு

பி.கு.: கடிதத்தை அனுப்பப் போகையில் டெல்பினின் செய்தி வந்தது: "நைட் டூட்டி அங்கிள், தூங்கிட்டேன். எழுத்த மாத்திட்டேன். புகழாதீங்க, பாருங்க." கீழே பிரைட்டும், "எனக்கும் திட்டு வேணும் அங்கிள்" என்று எழுதியிருக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து தெரிகிறது, சிவப்புத்தான் இன்னும் அதிகம், அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆகவே நான்காவதை இப்போதைக்கு நிறுத்திவை. மூன்றாவது பிழை.