இடதுபக்க பிரேக்

கார் ஓட்டத் தெரியாதவர்களிலேயே இந்தியாவின் தலைசிறந்த டிரைவர் எங்கள் ஆபீஸ் செல்ப் டிரைவ் சார்தான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. வேலூரைச் சுற்றியுள்ள அத்தனை மலைப்பாதைகளையும் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே ஓட்டி முடித்தவர். தொட்டது நான். அது ஒரு சின்ன விஷயம் என்பது அவர் கட்சி.

வேலூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் நான் கணக்குப் பிரிவு, அவர் சரக்கு அனுப்பும் பிரிவு. எந்த லாரி எந்த வழியாகப் போக வேண்டும், எந்தப் பெட்டி முதலில் ஏற வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. லாரி வராத நேரத்தில் மனிதர்களை அனுப்புவார். யாராவது லீவு கேட்டால், மேனேஜர் கையெழுத்துப் போடுவதற்குள் இவர் டூர் போட்டுவிடுவார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று திருப்பத்தூருக்குக் கிளம்பிய கிளார்க்கிடம், "ஆலங்காயம் வழியா போப்பா, சீனரி நல்லாருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கிளார்க் அதன் பிறகு இவர் காதில் விழாமல் லீவு கேட்கப் பழகிக்கொண்டான்.

டூர் விஷயத்தில் சாருக்கு ஒரு கொள்கை உண்டு.

"மலைல ரூம் போடவே கூடாது தம்பி. மல மேல ஒக்காந்துகினு மலைய எப்படிப் பாப்ப? டவுன்ல தங்கணும். காலைல கெளம்பி சுத்திட்டு ராத்திரி டிபனுக்கு டவுனுக்கு வந்துடணும். அதுவும் செல்ப் டிரைவ்ல போவணும். டிரைவர் வெச்சா ஊரைப் பாக்கறது அவன், நாம பாக்கறது அவன் முதுகு."

"உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியாதே சார்?"

"செல்ப் டிரைவ்னா இன்னா? நம்மளே ஓட்டறது. அந்த நம்மள்ல நீ ஓட்டு."

கற்றுக்கொள்ள முயலவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாராம். ரோடு காலியானால்தான் வண்டியை எடுப்பேன் என்று கிரீன் சர்க்கிள் ரவுண்டானா அருகே உட்கார்ந்திருந்தார். கிரீன் சர்க்கிளில் ரோடு காலியாகும் என்று நம்பிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார் பொறுத்துப் பார்த்து, டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை.

ஆனால் பிரேக் மட்டும் அன்றே கற்றுக்கொண்டுவிட்டார். என் பழைய காரில் இடதுபக்க முன்சீட்டில் உட்கார்ந்தால் அவர் வலது கால் சும்மா இருக்காது. எதிரே பஸ் வந்தால் தரையில் ஒரு மிதி. நாய் திரும்பிப் பார்த்தால் ஒரு மிதி. வளைவு வரப்போகிறது என்ற போர்டைப் பார்த்தாலே ஒரு மிதி. அந்தப் பக்கத்து ரப்பர் மேட்டில் அவர் குதிகால் விழும் இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. வண்டி எந்தச் சேதமும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தால், "நான் மட்டும் அந்த எடத்துல புடிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்!" என்று பெருமூச்சு விடுவார்.

இப்படி ஊருக்கெல்லாம் டூர் போட்டவருக்குச் சொந்த வீட்டில் ஒரு டூர் பாக்கி இருந்தது.

ஒரே மகள் பவித்ரா, கல்யாணம் ஆகி கனடாவில் இருந்தாள். எப்போதாவது வந்தாலும் சென்னையில் மாமியார் வீட்டில்தான் தங்குவாள். வேலூருக்கு ஒரு வேளை சாப்பாட்டுக்கு வந்து, வத்தல் வடாம் கட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒருமுறை போனில், "அந்த ஊர்ல இன்னாப்பா இருக்குது, வந்து தங்கறதுக்கு?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். மறுநாள் சார் ஆபீசில் ஒரு லாரிக்கும் வழி சொல்லவில்லை. பொள்ளாச்சி பம்புகள் புதுச்சேரிக்குப் போயின.

அந்த வருடம் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, பவித்ரா மட்டும் வருகிறாள் என்று தெரிந்ததும் சார் போனிலேயே மன்றாடி, வேலூருக்கென்று சில நாட்கள் வாங்கிவிட்டார். அந்த நாட்களுக்குள், வந்து தங்குவதற்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று மகளுக்குக் காட்டிவிட வேண்டும். காட்டத் தவறினால் இனி ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூட வருவாளோ மாட்டாளோ. சார் சிரிக்காமல் சொன்ன வெகு சில விஷயங்களில் இது ஒன்று.

ஒத்திகை ஆரம்பமானது. ஒத்திகைக்கு எதற்கு வாடகை வண்டி என்று என் கார்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணமங்கலம் தாண்டி, போளூர் வந்து, ஜவ்வாதுமலை ஏறினோம். பாதி மலையில் திடீரென்று காரை நிறுத்தச் சொல்லி பின்சீட்டுக்குப் போய்விடுவார்.

"இப்ப நான் பவித்ரா. நீ நானு."

"சரி சார்."

"சார் இல்ல. பொண்ணுகிட்ட எவனாவது சார்னு பேசுவானா? நான் கேக்கறேன் பாரு. அப்பா, அந்த மலைக்கு இன்னாப்பா பேரு?"

"தெரியலையேம்மா."

"இந்தப் பதில சொல்றதுக்கா நான் கனடாவுலேர்ந்து வந்தேன்?" என்று பவித்ராவாகவே கோபித்துக்கொள்வார்.

செங்கத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டரிடம், "அடுத்த மாசம் பொண்ணு வருது, குருமாவுல காரத்தக் கொறச்சிக்கோ" என்று இப்போதே சொல்லிவைத்தார். பீமன் அருவிக்குப் போகும் வழியில் கம்பங்கூழ் விற்ற அம்மாவிடம், "அன்னிக்கித் தண்ணி வுடுவாங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா அருவியை ஒருமுறை, இவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "சொல்லி வெக்கிறங்க" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் சாருக்கு அந்த அம்மாவின் பொறுப்புணர்ச்சியைப் பற்றித்தான் பேச்சு.

பவித்ரா வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே லாட்ஜுக்கு அழைத்துப் போனார். ஆமாம், வேலூரில் சொந்த வீடு இருக்க, லாட்ஜில் ரூம். வீட்டில் இருந்தால் லீவு மாதிரி இருக்காதாம். டவுனில் தங்குவது என்றால் தங்குவதுதானாம். லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் சாரின் வீட்டு மொட்டைமாடியும் கொடியில் அவருடைய லுங்கியும் தெரிந்தன.

"பக்கத்து தெருவுல வூட்ட வெச்சிகினு இங்க வந்து பல்லு வெளக்கறேன் தம்பி. இந்தக் கூத்த நான் எங்க போய்ச் சொல்றது?" என்று சாரின் மனைவி சாரதா அக்கா என்னிடம் புலம்பினார். அவர் மட்டும் அவ்வப்போது நழுவி வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்து, தூக்கில் எடுத்துக்கொண்டு லாட்ஜுக்கு வந்தார்.

முதல் இரண்டு நாட்களும் மழை பிடித்துக்கொண்டது. பவித்ரா லாட்ஜில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. மறுநாள் அவள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஒரு நாள்தான் கையில் இருந்தது.

வாடகைக்கு ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி எடுத்திருந்தார். செல்ப் டிரைவ் வண்டிகளுக்கே உரிய கறுப்பு நம்பர் போர்டு, அதில் மஞ்சள் எழுத்து. அந்த போர்டுதான் அன்றைய வில்லன் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. போளூர் வரை நான் ஓட்டினேன். மலையடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வந்தபோது பவித்ரா கையை நீட்டினாள்.

"அங்கிள், சாவியக் குடுங்க. மல ஏத்தம் நான் ஓட்டறேன்."

சார் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். பத்தாவது வரைக்கும் மகளின் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் வரை ஓடியவர். காலேஜ் போனபோது ஸ்கூட்டி வேண்டும் என்று அழுதவளுக்கு பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தவர்.

"கொண்ட ஊசி வளைவும்மா. கனடாவுலல்லாம் எதிர்ப்பக்கம் ஓட்டுவாங்களாமே?"

"அதனாலதான் எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். இங்க ஓட்டறதுக்கும் லைசென்சு எடுத்துகினுதாம்பா வந்திருக்கேன்."

"வுடுங்க. பனியில ஓட்டற பொண்ணு, பாறைல ஓட்டாதா?" என்று அக்கா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். நானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

முதல் வளைவில் சார் மிதித்த மிதியில் எனக்கே கால் வலித்தது. பவித்ரா சர்வசாதாரணமாக ஓட்டினாள். இரண்டாவது வளைவு தாண்டியதும் சாலையோரம் ஒரு அம்மா கையைக் காட்டினாள். இடுப்பில் ஆட்டுக்குட்டி, பக்கத்தில் ஒரு சாமை மூட்டை. என்னமோ ஏதோ என்று பவித்ரா வண்டியை நிறுத்தினாள். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்து ஏறிவிட்டாள்.

"இது டாக்சி இல்லம்மா, செல்ப் டிரைவு" என்றார் சார்.

"கலர் போர்டு போட்டிருக்கீங்க இல்ல? வெள்ள போர்டுன்னா சொந்த வண்டி, நாங்க இன்னாத்துக்குக் கை காட்டப் போறோம்? சந்தைக்குத்தான போவுது?"

ஷேர் ஜீப்பையும் எப்போதோ வரும் பஸ்ஸையும் நம்பி இருக்கிற ஊர். அந்த ஊரின் சட்டம் அது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தும் என் வெள்ளை போர்டு காரை யாரும் நிறுத்தாததால் இந்தச் சட்டம் எங்களுக்குத் தெரியாமலே போயிருந்தது. "ஒக்காருங்கம்மா" என்று பவித்ரா வண்டியை எடுத்துவிட்டாள்.

பின்னால் வைத்தால் ஆட்டுக்குட்டி சாமையில் வாய் வைத்துவிடுமாம். மூட்டை முன்னால் போனது. சாரின் காலடியில், சரியாக அவருடைய பிரேக் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது. காலை வைக்க வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு சார் சீட்டின் மேலேயே சம்மணம் போட்டார். அடுத்த வளைவு வந்தது. சார் துடித்தார், மிதிக்க முடியவில்லை. வளைவு போய்விட்டது. இன்னொன்றும் போனது. இவர் உதவி இல்லாமலேயே வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அத்தனை ஒத்திகையிலும் ரோட்டை மட்டுமே பார்த்த மனிதர் அன்றுதான் மலையைப் பார்த்தார். மழையில் குளித்த மலை, மடிப்பு மடிப்பாகப் பச்சை, நடுவே மேகம். வாயைத் திறந்தபடி வெகுநேரம் பார்த்துவிட்டு, "பவித்ரா, அந்த மலைக்கு இன்னாம்மா பேரு?" என்றார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதில் ஆட்டுக்குட்டி அம்மாவிடமிருந்து வந்தது.

"அதுக்கு எதுக்குங்க பேரு? அது பாட்டுக்கு நிக்கிது."

ஜமுனாமரத்தூர் சந்தையில் அந்த அம்மாவை இறக்கினோம். இறங்கியதுதான் தாமதம், கலர் போர்டைப் பார்த்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போவுமா, அந்தக் கூட்ரோடு வரைக்கும் வுடுவீங்களா என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். பீமன் அருவி, பிறகு ஏரியில் படகு, செங்கத்தில் காரம் குறைந்த குருமா, எல்லாம் கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது. சார் மகளைப் பார்த்தார். அவளோ, "பாவம்பா, நடந்தா போவாங்க?" என்றாள்.

அதற்குமேல் அங்கே நின்றது டூர் போட்ட அப்பா இல்லை, சரக்கு அனுப்பும் பிரிவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"யாரும் தள்ளக் கூடாது! கடைசியா எறங்கறவங்க மொதல்ல ஏறுங்க! மொதல்ல எறங்கறவங்க கதவாண்ட! ஏ பெரியவரே, கோழிய மடியில வெச்சிக்கோ, தலைய வெளிய வுடாத. கோழித் தலையச் சொல்றேன்!"

பம்புகளுக்குச் சொன்ன அதே குரல். கூட்டம் கப்சிப்பென்று வரிசையில் நின்றது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு பவித்ரா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஒரு நடை கொண்டுபோய் விட்டு வந்தால் இன்னொரு கூட்டம் நின்றது. அன்று முழுக்க அந்த வண்டி மலைக்கு மேலேயே ஓடியது. காசு வாங்க மாட்டேன் என்று சார் பிடிவாதம் பிடித்ததால் ஆளாளுக்குச் சீத்தாப்பழத்தைக் கொட்டிவிட்டுப் போனார்கள். கொடுக்க ஒன்றுமில்லாத ஒரு தாத்தா, பவித்ராவின் தலையில் கை வைத்து, "நல்லா ஓட்டற தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு சார் தன்னைப் பாராட்டியதுபோல் நெளிந்தார்.

இருட்டும் நேரத்தில் வேலூர் வந்து சேர்ந்தோம். லாட்ஜ் வாசலில் சார் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அருவியக் காட்டலயேம்மா. ஒண்ணுமே காட்டல. நாளைக்கி நீ கெளம்பற."

பவித்ரா சாவியை என்னிடம் கொடுத்தாள். அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த கோழி இறகைத் தட்டிவிட்டாள்.

"அருவி எங்கப்பா போவப் போவுது? அடுத்த வருசம் ஒரு மாசம் லீவு போட்டுட்டு வர்றேன். லாட்ஜு மட்டும் வாணாம். நம்ம வூட்ல படுத்துக்கறேன்."

சார் குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். அக்கா, "இப்பவே வாயேன், வூட்டுக்கே போய்டலாம். குழம்பு அங்கதான் இருக்குது" என்றார். சீத்தாப்பழங்களை அள்ளிக்கொண்டு மூவரும் பக்கத்துத் தெருவுக்கு நடந்தே போனார்கள். லாட்ஜ் கணக்கைக் கணக்குப் பிரிவிடம் விட்டுவிட்டார்கள்.

சொன்னபடி வந்தாள். அருவியையும் பார்த்தார்கள். சாரும் ரிட்டயராகிவிட்டார். இப்போது அவரும் அக்காவும் மகளோடு கனடாவில் இருக்கிறார்கள். அங்கேயும் சனி, ஞாயிறு டூர் போடுகிறாராம். காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், சீட் பெல்ட் போட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிறது என்று பவித்ரா போனில் சொன்னாள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக நான் தனியாக ஜவ்வாதுமலை ஏறினேன். அதே பழைய கார், அதே ஓட்டை மேட். முதல் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது. இடதுபக்கம் யாரும் பிரேக் மிதிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.