அரைப்பேர் கங்காணியும் ஜப்பான் பிள்ளையும்

அரைப்பேர் கங்காணியிடம் முழுப்பேர் வாங்கியவருக்குச் சொர்க்கத்தில் விசாரணையே கிடையாது. யட்டியாந்தோட்டைத் தேயிலை மலைகளில் இதை மறுப்பவர் யாருமில்லை. கொழுந்து குறைந்தாலோ முற்றியிருந்தாலோ, ஒரு நாள் வேலையை அரை நாளாகப் பதிவார்; அதுதான் அரைப்பேர். மாமியாருக்கும் போட்டிருக்கிறார். பூசையைச் சுருக்கிய பூசாரிக்கும் வாயாலேயே போட்டிருக்கிறார்.

அவர் மகள் சரண்யா, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் போக விண்ணப்பித்திருந்தாள். முதலில் அங்கிருந்து யூமி என்ற மாணவி வந்து மூன்று நாள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இவர்கள் வீட்டில் தங்குவாள். அவள் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் இவளுக்குப் பயணம்.

கங்காணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் ஜப்பானிய வணக்கம் பழக்கத் தொடங்கினார்.

"இடுப்பிலிருந்து குனியணும் மாரியாயி! இது என்னா, கோழி கொத்துற மாதிரி? அரைப்பேர்!"

"அட போங்க கங்காணி. நாப்பது வருசமா கொழுந்துக்குக் குனிஞ்ச இடுப்பு. இன்னும் குனிஞ்சா நீங்கதான் தூக்கணும்."

யூமி வந்தது செவ்வாய்க்கிழமை என்கிறது என் குறிப்பேடு. திங்கள் என்று சாதிக்கிறார் மாரியாயி. லயமே குனிந்தது. யூமியோ கைகூப்பி நிமிர்ந்து நின்றாள்.

மறுநாள் அவளும் கொழுந்தெடுக்கக் கிளம்பினாள். பகல் முழுக்கத் தூறலில் நனைந்து எடுத்துவந்த சாக்கைத் தராசில் வைத்தாள். கங்காணி கைவிட்டுப் பார்த்தார். பாதி முத்தல் இலை. சரண்யா கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் தராசை இரண்டு முறை சுற்றினார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.

"அரைப்பேர்."

"அப்பா! அவங்க விருந்தாளிப்பா!"

"எனக்குத் தெரியுது புள்ள. இலைக்குத் தெரியுதா?"

சரண்யா அழுதுகொண்டே ஆங்கிலத்தில் விளக்கினாள். அன்று மாலை கங்காணி வாசலில் நடந்த நடைக்கு அவிசாவளைக்கே போய் வந்திருக்கலாம்.

அடுத்த நாள் பெரட்டில் முதல் ஆளாக நின்றவள் யூமி. மாரியாயி அவள் விரலைப் பிடித்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் காட்டினார். மாலையில் கங்காணி சாக்கைக் கிளறினார். அடிவரை தேடினார்.

"ஹரி ஹரி," என்று சிங்களத்தில் 'சரி சரி' சொன்னார். "முழுப்பேர்!"

யூமி குனிந்தாள்.

"பாத்துக்கங்க கங்காணி, அதான் குனியிறது!" என்றார் மாரியாயி.

யூமி எழுதிக் கொடுத்ததைச் சரண்யா எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்: 'எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். கங்காணி மட்டும் என் இலையைப் பார்த்தார்.'

சரண்யா புறப்பட்ட அன்று, விமான நிலையத்திலிருந்து மதியம் நேரே மலைக்கு வந்த கங்காணி, பேர் பதியும் புத்தகத்தில் தன் பெயருக்கு நேரே அரைப்பேர் போட்டார்.

மாரியாயி எட்டிப் பார்த்தார். "மிச்ச அரை எங்க கங்காணி?"

"பிளேன்ல போயிருச்சு."